வெள்ளைக்கு எத்தனை சொட்டு நீலம்

அந்தப் பெயின்ட் கடையில் அவளுக்குப் பெயர் கலர் அக்கா. அறுபதை நெருங்குகிறவளை அக்கா என்கிறார்களே என்று யோசிக்க வேண்டாம். அம்மா என்று ஒரு தடவை கூப்பிட்டவர்கள் மறு தடவை அப்படிக் கூப்பிட்டதில்லை. மூக்குக்கு மேல் கோபம் வரும் அவளுக்கு. வந்த வேகத்தில் போயும் விடும். திட்டியதை அவள் அப்போதே மறந்துவிடுவாள். திட்டு வாங்கியவர்களுக்குத்தான் மறக்கக் கொஞ்ச நாள் பிடிக்கும்.

நிறம் சேர்ப்பது அவள் வேலை. ஆள் வந்து ஒரு சட்டைப் பொத்தானைக் கொடுப்பார், கிழிந்த திரைச்சீலையைக் கொடுப்பார், பழைய சுவரிலிருந்து பெயர்த்த காரையைக் கொடுப்பார். இதே நிறம் வேண்டும் என்பார். ஒருவர் பழுத்த பப்பாளியில் ஒரு துண்டை அறுத்துக்கொண்டு வந்து, படுக்கையறைக்கு இதுதான் வேண்டும் என்று நின்றார். அங்கே தூங்கப் போகிறீர்களா, சாப்பிடப் போகிறீர்களா என்று கேட்டாளே தவிர, நிறத்தைக் கொண்டுவராமல் விடவில்லை. வெள்ளை டின்னைத் திறந்து, ஸ்டெயினர் என்கிற சாயப் புட்டிகளிலிருந்து சொட்டுச் சொட்டாக விட்டுக் கலக்குவாள். கட்டை விரலால் ஓர் அட்டையில் இழுத்து, காய்ந்ததும் வாசலுக்குக் கொண்டுபோய்ப் பகல் வெளிச்சத்தில் பார்ப்பாள். பார்த்துவிட்டு, "சரி" என்பாள். அதற்குமேல் கடை முதலாளி வாயைத் திறக்க மாட்டார். மூடியைப் போட்டு டின்னை அடைத்துவிடுவார்.

அவளுக்குப் பேர் வாங்கிக் கொடுத்தது என்னவோ வெள்ளைதான். கம்பெனியிலிருந்து வருகிற வெள்ளையை அப்படியே அடித்தால் சுவர் சோர்ந்துபோய் நிற்கும். துளி நீலம் விட்டால்தான் பளிச்சென்று எடுக்கும். இது பெயின்ட் அடிக்கிற எல்லோருக்கும் தெரியும். எத்தனை துளி என்பதில்தான் விஷயமே இருக்கிறது. அந்தத் துளியை அவள் கண்ணுக்கு விட்டுவிட்டார்கள். கடை இருந்த தெருவில் பாதி வீடுகளுக்கு மேல் அவள் வெள்ளைதான்.

அந்தக் கண்ணுக்குத்தான் வந்தது வினை. ஒரே நாளில் வந்திருந்தால் அவளே கத்திக் கூப்பாடு போட்டிருப்பாள். வருஷக்கணக்கில், பூனை நடக்கிற மாதிரி வந்தது. முதலில் கடை மங்கலாயிற்று. முதலாளி மட்டமான ட்யூப்லைட் வாங்கிப் போட்டுவிட்டார் என்று அவரை ஒரு பிடி பிடித்தாள். அவர் மாற்றினார். பிறகு கண்ணாடிக் கதவை யாரும் துடைப்பதில்லை என்று சண்டை பிடித்தாள். துடைத்தார்கள். பிறகு வீட்டுச் சோப்பு சரியில்லை, வெள்ளைத் துணியெல்லாம் பழுப்படிக்கிறது என்று வேறு சோப்பு வாங்கினாள்.

சோப்பு என்றதும் அவள் புருஷனைப் பற்றிச் சொல்ல வேண்டும். பள்ளிக்கூட வேன் ஓட்டுகிறவர். வேலைக்கு வெள்ளைச் சட்டைதான் போட வேண்டும். நாளெல்லாம் பிள்ளைகளின் கூச்சலுக்கு நடுவில் உட்கார்ந்திருக்கிற மனிதர், வீட்டுக்கு வந்தால் எதைக் கொடுத்தாவது அமைதியை வாங்கிக்கொள்வார். கல்யாணமான நாளிலிருந்து பெண்டாட்டியை எதிர்த்து ஒரு வார்த்தை பேசியவர் இல்லை. பயம் என்று சொல்லிவிட முடியாது. அவள் கண்ணின்மேல் அவருக்கு அப்படி ஒரு பெருமை. அவருடைய சட்டைகள் பழுப்படிக்கின்றன என்று அவள் துணி அலசும் தண்ணீரில் சொட்டு நீலத்தைக் கூட்டிக்கொண்டே போனாள். வேனில் பிள்ளைகள் அவரை 'நீல மாமா' என்று கூப்பிட ஆரம்பித்தார்கள். அவர் அதை வீட்டில் சொல்லவில்லை.

கடைசியில் குட்டு உடைந்தது ஒரு வாடிக்கையாளர் முன்னால். வெள்ளை அட்டையை எடுங்கள் என்று அவர் கேட்க, அக்கா எலுமிச்சை மஞ்சள் அட்டையை எடுத்து நீட்டினாள். வந்தவர் வேடிக்கை என்று நினைத்துச் சிரித்தார். முதலாளி முகத்தில் ஈயாடவில்லை. அன்றே அவர் வேன்காரரைப் பார்த்துப் பேச, வேன்காரர் இல்லாத தைரியத்தையெல்லாம் வரவழைத்துக்கொண்டு அவளைக் கண் ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப்போனார். இரண்டு கண்ணிலும் புரை, நன்றாக முற்றியிருக்கிறது என்றார் டாக்டர். சின்ன வயசுக்காரி, சிரித்த முகம். ஒரு கண்ணை இப்போது சரிசெய்வோம், இன்னொன்றை அப்புறம் பார்ப்போம் என்றார்.

முதலாளி நல்லவர்தான். ஆனால் அவரும் கடையை நடத்தியாக வேண்டும். வேன்காரர் ஓட்டுகிற அதே பள்ளிக்கூடத்தின் முன்பக்கச் சுவர் முழுவதற்கும் வெள்ளை கேட்டிருந்தார்கள். கடை இதுவரை பார்க்காத பெரிய வேலை. கண் சரியாகி வந்து நீயே இதைக் கலக்கு என்றவர், கொஞ்சம் தயங்கி, சந்தேகமாக இருந்தால் பெரிய கடைத்தெருவில் நிறம் கலக்கும் மிஷின் வைத்திருப்பவனிடம் இதைக் கொடுத்துவிடுகிறேன், அதற்கப்புறம் எல்லாமே அவனிடம்தான் போகும் என்றும் மென்று முழுங்கிச் சொன்னார். அவளுக்கு விளங்கிவிட்டது. இந்த ஒரு சுவர் கைவிட்டுப் போனால் அவள் கடையில் டின் துடைத்துக்கொண்டு உட்கார்ந்திருக்க வேண்டியதுதான்.

ஆபரேஷன் முடிந்து கட்டைப் பிரித்தார்கள். எதிரே புருஷன் நின்றிருந்தார்.

"என்னங்க, யாரோட சட்டையைப் போட்டுட்டு வந்திருக்கீங்க?"

"என்னோடதுதான்."

"இது நீலச் சட்டை."

அவர் காலைப் பார்த்தார், கூரையைப் பார்த்தார், டாக்டரைப் பார்த்தார். அப்புறம், "கொஞ்ச நாளா அப்படித்தான் இருக்கு" என்றார்.

கொஞ்ச நாள் என்பது எத்தனை வருஷம் என்று அவள் அப்போது கேட்கவில்லை. கேட்க நேரமில்லை. நர்ஸ் நீலம், கட்டில் விரிப்பு நீலம், ஜன்னலுக்கு வெளியே போன வெள்ளைக் கார் நீலம். ஆபரேஷன் ஆன கண்ணை மூடிக்கொண்டு பழைய கண்ணால் பார்த்தாள். எல்லாம் காய்ச்சிய பாலின் ஏடு நிறத்தில், பழகிய மாதிரி இருந்தது. மாற்றி மூடினாள், நீலம். இரண்டு கண்ணும் ஒரே தலையில் உட்கார்ந்துகொண்டு ஆளுக்கொரு சாட்சி சொல்லிக்கொண்டிருந்தன.

மறுநாள் தெருவில் இறங்கினாள். ஒவ்வொரு வீட்டின் முன்னாலும் நின்று, ஒரு கண்ணை மூடிப் பார்த்தாள், மறு கண்ணை மூடிப் பார்த்தாள். அவள் வெள்ளை அடித்த வீடுகளெல்லாம் புதுக் கண்ணுக்கு வானத்தைக் கரைத்து ஊற்றினாற்போல் இருந்தன. அதிலும் தையல்காரர் கடைச் சுவர்தான் ஒரேயடியாக நீலம். அது போன வருஷம் அடித்தது. அங்கே நின்று வலது, இடது, வலது என்று மாற்றி மாற்றிக் கண்ணை மூடித் திறந்தாள். உள்ளே மிஷின் முன் உட்கார்ந்திருந்த தையல்காரர் தையலை நிறுத்திவிட்டு நிமிர்ந்து உட்கார்ந்தார். அன்று சாயங்காலம் அவர் வேன்காரரைத் தனியே கூப்பிட்டு, சொல்ல வெட்கமாக இருக்கிறது அண்ணே, அக்கா என்னைப் பார்த்துக் கண்ணடிக்கிறார்கள் என்றார். உங்களை இல்லை, உங்கள் சுவரைப் பார்த்து அடித்திருப்பாள் என்று வேன்காரர் சமாதானம் சொன்னார். தையல்காரருக்குக் கொஞ்சம் ஏமாற்றம்தான்.

வீட்டில் அவள் சோற்றைப் பிசைந்துகொண்டே உட்கார்ந்திருந்தாள். இத்தனை வருஷமும் தெருவுக்கெல்லாம் நீலத்தை அடித்துவிட்டு, வெள்ளை வெள்ளை என்று மார்தட்டிக்கொண்டு திரிந்தோமா? இல்லை, இந்தப் புதுக் கண்ணைத்தான் கெடுத்து வைத்துவிட்டார்களா? எது உண்மையானாலும் அவளுக்கு நஷ்டம். அவளுக்கு அழுகை வந்தது. ஆபரேஷன் ஆன கண்ணில் தண்ணீர் படக்கூடாது என்று சொல்லியிருந்ததால் அதையும் அடக்க வேண்டியிருந்தது.

அடுத்த முறை டாக்டரிடம் போனபோது நேராகவே கேட்டாள். டாக்டர் நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்துகொண்டார். கண்ணுக்குள் இருக்கிற லென்ஸ் ஜன்னல் கண்ணாடி மாதிரி. வயசாக ஆக அது பழுப்பேறி, முதலில் நீல வெளிச்சத்தைத்தான் தடுக்கும். அதனால்தான் நீலம் எவ்வளவு கூடினாலும் உங்களுக்குத் தெரிந்திருக்காது என்றார். அப்படியானால் இவ்வளவு காலம் எனக்கு எல்லாம் மஞ்சளாக அல்லவா தெரிந்திருக்க வேண்டும் என்று அவள் மடக்கினாள்.

"உங்க கடைக்குள்ள வந்தா எனக்கு மூக்கு எரியும். உங்களுக்கு?"

"எங்க கடையில வாசனையே கிடையாதும்மா."

"தின்னர் டின்னுங்களுக்கு நடுவுல உக்காந்துட்டு வாசனையே இல்லைங்கறீங்க" என்று டாக்டர் சிரித்தார். மூக்கு சேதி அனுப்பாமல் இல்லை. தினமும் அதே சேதி வந்தால் மூளை, இது தெரிந்த சங்கதிதான் என்று ஒதுக்கிவிடும். கையில் கட்டிய கடிகாரம் கொஞ்ச நேரத்தில் கையில் இருப்பதே தெரியாமல் போகிறதே, அதுவும் அப்படித்தான். கண்ணும் மூக்கும் தோலும் சேதி அனுப்புவதோடு சரி. அதை வைத்து முடிவு சொல்வது மூளை. பழுப்பு லென்ஸ் வழியே நீலம் குறைவாக வந்த காலத்தில், மூளை அந்தக் குறையைச் சரிக்கட்ட நீலத்தைக் கொஞ்சம் தூக்கிக் காட்டிப் பழகிவிட்டது. இப்போது புது லென்ஸ் வழியே நீலம் முழுசாக வருகிறது. மூளையோ பழைய பழக்கத்தில் இன்னும் தூக்கிக்கொண்டே இருக்கிறது. சிலருக்குச் சில வாரத்தில் அடங்கும், சிலருக்குச் சில மாதம் ஆகும்.

"அப்ப எங்க தெரு நீலமா, இல்லையா?"

"அது உங்க தெரு, எனக்கு எப்படித் தெரியும்? ஆனா கொஞ்ச நாளைக்கு நிறத்தைப் பத்தி யாருக்கும் தீர்ப்புச் சொல்லாதீங்க."

கலர் அக்காவிடம் போய் நிறத்தைப் பற்றிப் பேசாதே என்றால் நடக்கிற காரியமா? அதுவும் பள்ளிக்கூடத்து விடுமுறை முடியப் போகிறது, பெயின்டர் பிரஷ்ஷோடு வந்து நிற்கிறார், முதலாளி ஒரு நாளைக்கு இரண்டு தடவை தொண்டையைச் செருமுகிறார். டாக்டர் சொன்னதில் நீலம் கூடிவிட்டது என்பதை மட்டும் அவள் கெட்டியாகப் பிடித்துக்கொண்டாள். மூளை இன்னும் தூக்குகிறது என்று சொன்ன பாதியைக் காதில் போட்டுக்கொள்ளவில்லை. நமக்குச் சாதகமானதைத்தானே நாமெல்லாம் கேட்கிறோம்.

கடையில் உட்கார்ந்து பழைய கண்ணை ஒரு துணியால் கட்டிக்கொண்டாள். டின்னைத் திறந்தாள். நீலப் புட்டியை எட்டாத தூரத்தில் தள்ளி வைத்தாள். டின்னில் இருந்த வெள்ளையே அவளுக்கு நீலமாகத் தெரிந்தது. ஒரு துளி மஞ்சள் விட்டுப் பார்த்தாள், இன்னும் நீலம். இன்னொரு துளி. இன்னொன்று. கடைசியில் அட்டையில் இழுத்து, காயவைத்து, வாசல் வெளிச்சத்தில் பார்த்தபோது மனசு நிறைந்தது. இப்படி ஒரு வெள்ளையை அவள் வாழ்நாளில் பார்த்ததில்லை. "சரி" என்றாள். பெயின்டரிடம் காட்டச் சொல்லி அட்டையை, வெளியே வேனோடு நின்றிருந்த புருஷனிடம் கொடுத்தாள்.

அவர் அதை வாங்கிப் பார்த்தார். வேனில் ஏறவில்லை. திருப்பிப் பார்த்தார், தூரத்தில் பிடித்துப் பார்த்தார். கைக்குட்டையை எடுத்துக் கழுத்தைத் துடைத்துக்கொண்டார். அவர் இப்படி நின்று அவள் பார்த்ததே இல்லை.

"இது மஞ்சளா இருக்கு" என்றார்.

"என்ன சொன்னீங்க?"

"மஞ்சள். வெள்ளை இல்ல."

கடைக்குள் முதலாளி மூடியைக் கையில் வைத்தபடியே நின்றுவிட்டார். அக்காவுக்கு வந்த கோபத்தில் தெருவே கேட்கும் என்று எல்லோரும் எதிர்பார்த்தார்கள். அவள் குரல் எழும்பவே இல்லை. அதுதான் பயமாக இருந்தது. நிறத்தைப் பற்றி உங்களுக்கு என்ன தெரியும், சிவப்பு விளக்குக்கு நிற்கவும் பச்சைக்குப் போகவும் தெரிந்தால் போதுமா என்று கேட்டாள். இத்தனை வருஷமாக நீலச் சட்டையைப் போட்டுக்கொண்டு போனபோது எங்கே போயிருந்தது இந்தக் கண் என்று கேட்டாள்.

"அப்பவும் தெரிஞ்சுது" என்றார் அவர். "முதல் தடவையே தெரிஞ்சுது. நீ பளிச்சுன்னு இருக்குன்னு சந்தோஷமா மடிச்சு வைப்ப. அதைக் கெடுக்க மனசு வரல. நான் அன்னிக்கே வாயைத் திறந்திருந்தா, புரை இப்படி முத்தறதுக்கு முன்னாடியே உன்னை ஆஸ்பத்திரிக்குக் கூட்டிட்டுப் போயிருப்பேன். உன் கண்ணு போயிருந்தா நான் என்ன பண்ணியிருப்பேன்? அதான் இப்ப சொல்றேன். இது மஞ்சள்."

அவர் அட்டையை அவளிடமே திருப்பி நீட்டினார். அக்கா அதைப் பார்த்தாள். அட்டையை வெடுக்கென்று பிடுங்கிக்கொண்டு உள்ளே போனாள். கம்பெனி முத்திரை உடையாத ஒரு புது டின்னை எடுத்து, தானே திறந்து, எந்தப் புட்டியையும் தொடாமல், இன்னோர் அட்டையில் அந்த வெள்ளையை இழுத்தாள். காய்ந்ததும் வாசலுக்கு வந்து பார்த்தாள். அதுவும் நீலம். கம்பெனிக்காரனே நீலத்தை அடைத்து அனுப்புகிறானா என்று வாய் வரை வந்தது. வரும்போதே நின்றுவிட்டது. ஒரு கம்பெனி, ஒரு நர்ஸ், ஒரு கார், ஒரு தெரு எல்லாம் ஒரே நாளில் எப்படி நீலமாகும்? டாக்டர் சொன்ன மறுபாதி அப்போதுதான் அவளுக்கு உறைத்தது.

இரண்டு அட்டையையும் ஒட்ட வைத்துப் பிடித்தாள். கண் எப்படிக் கோணலாகக் காட்டினாலும் இரண்டுக்கும் ஒரே கோணல்தானே. பக்கத்தில் வைத்ததும் விஷயம் வெட்டவெளிச்சமாயிற்று. அவள் வாழ்நாளில் பார்க்காத அந்த வெள்ளை, நல்ல வாழைப்பழத் தோல் மாதிரி மஞ்சளாக இருந்தது. நாக்கைக் கடித்துக்கொண்டாள். அப்புறம் கம்பெனி அட்டையை எடுத்துக்கொண்டு விறுவிறுவென்று நடந்துபோய்த் தையல்காரர் சுவரில் வைத்தாள். புருஷன் பின்னாலேயே ஓடினார். தையல்காரர் தலைமுடியைச் சரிசெய்துகொண்டு வாசலுக்கு வந்தார். அக்கா சுவரைத் தவிர வேறெதையும் பார்க்கவில்லை. அட்டையைவிடச் சுவர் நீலம். தெருவும் தப்பு, திருத்தமும் தப்பு. பழைய கண் நீலத்தைக் கூட்ட வைத்தது, புதுக் கண் மஞ்சளைக் கூட்ட வைத்தது. நடுவில் வெள்ளை எங்கேயோ சிரித்துக்கொண்டு நின்றது.

அவள் அந்தச் சுவரிலேயே சாய்ந்துகொண்டு சிரிக்க ஆரம்பித்தாள். கண்ணில் தண்ணீர் வரக்கூடாது என்று டாக்டர் சொன்னதை வேன்காரர் நினைவுபடுத்தினார். அது அழுகைக்குத்தான், சிரிப்புக்கு இல்லை என்று அவள் சொன்னாள். பிறகு தையல்காரரிடம், உங்களுக்கு வெள்ளை என்று சொல்லி நீலத்தை அடித்துக் கொடுத்திருக்கிறேன் என்று சொல்லிவிட்டாள். அவர் சுவரை மேலும் கீழும் பார்த்தார். எனக்கும் அன்றைக்கு ஒரு மாதிரிதான் தெரிந்தது, நீங்கள் வெள்ளை என்று சொன்னதும் வெள்ளையாகத் தெரிய ஆரம்பித்துவிட்டது என்றார். அக்காவுக்கு இதுதான் எல்லாவற்றையும்விடச் சுருக்கென்று தைத்தது. அவள் கண்ணை நம்பி ஒரு தெருவே தன் கண்ணை மூடிக்கொண்டிருந்திருக்கிறது.

கடைக்குத் திரும்பியதும் முதலாளியிடம் நடந்ததை மறைக்காமல் சொன்னாள். மிஷின்காரனிடம் கொடுப்பதானால் கொடுங்கள், என்மேல் வருத்தமில்லை, ஆனால் இன்று ஒரு தடவை எனக்கு விடுங்கள் என்றாள். அவர் தொண்டையைச் செருமினார். செருமிவிட்டு, புது டின்னை அவள் பக்கம் நகர்த்தினார்.

இந்த முறை அவள் புருஷனையும் பக்கத்தில் ஒரு ஸ்டூலில் உட்கார வைத்துக்கொண்டாள். கம்பெனி அட்டை எதிரே இருந்தது. நீலப் புட்டியிலிருந்து ஒரு துளி விட்டாள். கலக்கி, இழுத்து, காயவைத்து, இரண்டையும் ஒட்டவைத்து அவரிடம் நீட்டினாள். பதில் சொல்வதற்குமுன் அவர் வழக்கம்போல அவள் முகத்தைப் பார்த்தார். என் மூஞ்சியில் என்ன எழுதியிருக்கிறது, அட்டையைப் பாருங்கள் என்று அதட்டினாள். அவர் பார்த்தார். போதவில்லை என்றார். இன்னொரு துளி விட்டாள். கொஞ்சம் கூடிப்போச்சு என்றார். கூடவில்லை என்று அவள் சொல்ல, கூடிவிட்டது என்று அவர் சொல்ல, தங்களுக்குள் சண்டை பிடித்துப் பழக்கமில்லாத இரண்டு பேர் அதைக் கற்றுக்கொள்வதை முதலாளி வேடிக்கை பார்த்தார். கொஞ்சம் வெள்ளையை ஊற்றிக் குறைத்தாள். பாதித் துளியைக் குச்சி நுனியில் தொட்டு விட்டாள். கடை சாத்துகிற நேரம் ஆயிற்று.

மறுநாள் பள்ளிக்கூட வாசலில் பெயின்டர் சுவரின் ஒரு மூலையில் அந்த வெள்ளையை அடித்துக் காட்டினார். காய்வதற்காக எல்லோரும் காத்திருந்தார்கள். தலைமையாசிரியை கண்டிப்பான பெண்மணி. கண் ஆபரேஷன் விஷயம் அவர் காதுக்கும் போயிருந்தது. சுவரைப் பார்த்தார். நன்றாகத்தான் இருக்கிறது என்றார். ஆனாலும் இவ்வளவு பெரிய சுவர், அடித்துவிட்டு அழிக்க முடியாது, இதுதான் வெள்ளை என்று நிச்சயமாகச் சொல்கிறீர்களா என்று அவளையே கேட்டார்.

முதலாளி அவள் வாயையே பார்த்துக்கொண்டிருந்தார். எப்போதும் வருகிற அந்த ஒரு வார்த்தை வரவில்லை. அவள் திரும்பிப் புருஷனைப் பார்த்தாள். அவர் சுவர்க்கிட்டே போனார், தள்ளி வந்தார், மறுபடி கிட்டே போனார். பெயின்டர் ஏணியில் உட்கார்ந்துவிட்டார். தலைமையாசிரியை கடிகாரத்தைப் பார்த்தார். வேன்காரர் அவசரப்படவே இல்லை. கடைசியில், "சரி" என்றார்.

"நிச்சயமாத்தான் சொல்றேங்க" என்றாள் கலர் அக்கா. "என் கண்ணு ஒண்ணு சரிங்குது. இவர் கண்ணு ரெண்டும் சரிங்குது. இத்தனை வருஷமா நான் ஒரு ஆளோட கண்ணை வெச்சுத்தான் சொல்லிட்டிருந்தேன்."

வேன்காரர் சாவியைக் கீழே போட்டுவிட்டு, அதை எடுக்கிற சாக்கில் வெகுநேரம் குனிந்தே இருந்தார். பெயின்டர் ஏணியைச் சுவரோரம் நகர்த்தினார்.